மோட்டார் மங்களம் உளுந்தூர்பேட்டையில் இறங்கியது

எண்ணூற்றுப் பன்னிரண்டாவது எபிசோடு மட்டும் கொஞ்சம் அக்கறையோடு எழுதப்பட்டிருந்தால், ஆடி மாதத்தின் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மோட்டார் மங்களம் உளுந்தூர்பேட்டை பேருந்து நிலையத்தில் இறங்கியிருக்க மாட்டாள், அவளுக்கு ஒரு தம்பியைத் தேடி ஓர் ஊரே அலைந்திருக்காது.

'அஞ்சாம் பிளாக்' என்ற அந்தக் கார்ட்டூன் தொடர் பதினாறு வருடமாக ஞாயிறுதோறும் காலை பத்தரை மணிக்கு வந்துகொண்டிருந்தது. ஹவுசிங் போர்டு குடியிருப்பு ஒன்று, அதில் இருபது வீடு, இருபது வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு தண்ணீர் மோட்டார், அந்த மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் மங்களம் என்று ஒருத்தி. இரண்டாம் மாடித் தணிகாசலமும் அவர் மனைவியும்தான் கதையின் நாயகர்கள் என்றாலும், யார் வீட்டில் என்ன சண்டை, யார் மகள் யாரோடு பேசுகிறாள், யார் அரிசியில் வண்டு என்பதெல்லாம் மங்களத்துக்குத்தான் தெரியும். அவள் இடுப்பில் சாவிக்கொத்தோடு படியேறி வந்தால் ஏதோ நடக்கப்போகிறது என்று பார்க்கிறவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அந்த எபிசோடில் ஒன்றுமே நடக்கவில்லை. கரண்ட் போகிறது, எல்லோரும் படிக்கட்டில் வந்து உட்காருகிறார்கள், பழைய சம்பவங்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்கிறார்கள். பழைய எபிசோடுகளிலிருந்து வெட்டி ஒட்டிய துண்டுகள்தான் முக்கால்வாசியும். கடைசியில் தணிகாசலத்தின் மனைவி மங்களத்தைக் காணோமே என்கிறாள். தணிகாசலம் முகத்தைக்கூடத் திருப்பாமல், "அதுவா? உளுந்தூர்பேட்டையில தம்பி வீட்டுக்குப் போயிருச்சு. இனிமே அங்கதான்" என்கிறார். கரண்ட் வருகிறது, பாட்டு வருகிறது, முடிந்துவிடுகிறது.

பொள்ளாச்சியில் பதினாறு வருடமாக ஒரு வாரம்கூடத் தவறவிடாத ஓர் ஆசிரியை பாதியில் எழுந்துபோய் அவரைக்காய் ஆய்ந்தார். காரைக்குடியில் ஒரு குடும்பமே கடைசிவரை பார்த்து முடித்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, இன்றைக்கு யாருமே சிரிக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தது. அன்று சாயங்காலத்துக்குள் தொலைக்காட்சி நிலையத்துக்குக் கோபமான கடிதங்கள் வந்து குவிந்தன. அவற்றில் ஒன்றில், கும்பகோணத்திலிருந்து ஒருவர், 'எழுதியவருக்கே பிடிக்காமல் எழுதியது போலிருக்கிறது' என்று ஒரே வரி எழுதியிருந்தார்.

எழுதியவர் பெயர் அருணகிரி. முதல் எபிசோடிலிருந்து எல்லாவற்றையும் எழுதியவர் அவர்தான். இதை ஒரு செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டுக்கும் சாயங்கால டீக்கும் நடுவே எழுதி முடித்தார். களைப்போ கற்பனை வறட்சியோ அதற்குக் காரணமில்லை. மங்களம் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள் என்ற அந்த ஒரே ஒரு வரியை எப்படியாவது உள்ளே நுழைத்துவிட வேண்டும், அதைச் சுற்றி என்ன இருந்தாலும் சரி என்று எழுதினார்.

மங்களத்துக்குக் குரல் கொடுத்தவர் லூர்துமேரி. திருச்சியில் வானொலி நாடகங்களில் பேசிப் பழகி, பிறகு சென்னைக்கு வந்து பெரம்பூரில் குடியேறி, அறுபத்து மூன்று வயதுவரை டப்பிங் அறையே வீடாக இருந்தவர். ஆரம்ப காலத்தில் அருணகிரியின் வசனங்கள் விறைப்பாக இருக்கும். மேரி அவற்றை வாயில் போட்டு மென்று, இரண்டு சொல்லைத் தள்ளி, ஒரு சொல்லைச் சேர்த்துப் பேசிவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களிடம், தம்பி எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறது பாருங்கள் என்பார். நாட்டில் பாதிப் பேர் திருப்பிச் சொல்லிச் சிரித்த மங்களத்தின் பேச்சில் எது தன்னுடையது, எது மேரியினுடையது என்று அருணகிரிக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

அந்த வருடம் மேரிக்குத் தொண்டையில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை முடிந்து கட்டி போனது. கூடவே குரலும் போய், சல்லடையில் மணல் சலிக்கிறது போல ஒரு கரகரப்பு மட்டும் மிஞ்சியது. நிகழ்ச்சித் தலைவர் சாரங்கன் கூட்டம் போட்டு, என்ன செய்யலாம் என்று கேட்டபோது எல்லோரும் அருணகிரியைப் பார்த்தார்கள். மங்களத்துக்குத் தொண்டை கட்டிவிட்டது, இனி இப்படித்தான் பேசுவாள் என்று ஒரு வரி எழுதினால் போதும். ஊரும் ஒத்துக்கொள்ளும், இரண்டு வாரத்தில் அதையே வைத்துச் சிரிக்கவும் செய்யும். அருணகிரி பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாரங்கன் எதிர்க்கிற ஆள்கூட இல்லை, அவர் சும்மாதான் கேட்டார். கேட்டதற்குப் பதில் வராததால், சரி, மங்களத்தை எங்கேயாவது அனுப்பிவிடலாம் என்று முடிவாயிற்று. மேரியக்காவிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்றார் அருணகிரி. மூன்று முறை போனை எடுத்து மூன்று முறையும் வைத்துவிட்டார். உளுந்தூர்பேட்டை என்ற பெயரைக்கூட அவர் யோசித்து எழுதவில்லை. எப்போதோ ஊருக்குப் போகும்போது டீ குடிக்கப் பேருந்து நின்ற இடம், அது முதலில் நினைவுக்கு வந்தது, அவ்வளவுதான்.

தான் இனி இல்லை என்பதை மேரி ஞாயிற்றுக்கிழமை பத்து ஐம்பத்தைந்துக்கு, பக்கத்து வீட்டுக்காரர்களோடு உட்கார்ந்து பார்க்கும்போது தெரிந்துகொண்டார்.

அன்று மதியம் பன்னிரண்டே கால் மணிக்கு விழுப்புரத்திலிருந்து வந்த திருச்சிப் பேருந்திலிருந்து மங்களம் இறங்கினாள். எந்த நிறுத்தத்தில் ஏறினாள் என்று கண்டக்டருக்குத் தெரியவில்லை. மூன்றாவது வரிசையில் இருந்தாள், பக்கத்தில் இருந்த அம்மாள் அவள் முழங்கை புதுப் பெயின்ட் வாசனை அடிக்கிறது என்று மட்டும் குறைப்பட்டுக்கொண்டாள் என்றார். உடம்பைச் சுற்றி விரல் தடிமனில் கறுப்புக் கோடு, மஞ்சள் கரை போட்ட நீலச் சேலை, கைக்கு நான்கு விரல், இடுப்பில் சாவிக்கொத்து. நேரே பார்த்தால் முழு ஆள், பக்கவாட்டில் பார்த்தால் அப்பளம். பேருந்து நிலைய டீக்கடை ரகமத்துல்லா அவளைப் பார்த்து, காலையில் டிவியில் சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டு ஒரு டீ ஆற்றிக் கொடுத்தார். குடித்த டீ வயிற்றுப் பக்கம் கொஞ்ச நேரம் பழுப்பாகத் தெரிந்துவிட்டு மறைந்தது. அவள் வாயைத் திறந்து ஏதோ சொன்னாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. ரகமத்துல்லா, பரவாயில்லம்மா, மெதுவாகச் சொல்லுங்கள் என்றார். அவள் மறுபடியும் அதையே சொன்னாள்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த தெருக்களில் ஒவ்வொரு வாசலாகப் போய் நின்று, வாயை அசைத்து, வீட்டு ஆம்பிளைகளின் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போனாள். ஊருக்குப் புரிந்துவிட்டது. எல்லோரும் அந்த எபிசோடைப் பார்த்திருந்தார்கள். அவள் தம்பியைத் தேடுகிறாள், நீதானா என் தம்பி என்று கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள். முதல் வாரத்தில் ஏழு பேர் நான்தான் தம்பி என்று முன்வந்தார்கள். ஒரு ஓட்டல்காரர் வாசலில் போர்டே வைத்தார். ஒரு வார்டு உறுப்பினர் மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படத்தில் மற்ற எல்லோரையும்விட மங்களம்தான் இயல்பாக இருந்தாள். அவளும் மறுக்கவில்லை. ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு பகல் இருந்தாள், அந்த வாய் அசைவையே திரும்பத் திரும்ப அசைத்தாள், பதில் கிடைக்காதவள் போல எழுந்து வந்துவிட்டாள்.

ஆடிக் காற்று அடித்தால் அவள் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கொடி மாதிரி படபடத்தாள். பெண்கள் இரண்டு கூழாங்கல்லை அவள் முந்தானையில் முடிந்துவிட்டார்கள். தாலுகா அலுவலகத்தில் அவளுக்கு ரேஷன் கார்டு விண்ணப்பம் நிரப்பப் போனபோது, தகப்பனார் பெயர் தெரியாமலும், பதினாறு வருடமாக நாற்பத்திரண்டாகவே இருக்கும் வயதை எப்படி எழுதுவது என்று புரியாமலும் குமாஸ்தா இரண்டு நாள் யோசித்து, கடைசியில் 'சொன்னபடி' என்று எழுதினார். மளிகைக் கடையில் பெண்கள் அவளுக்கும் வரிசையில் இடம் விட்டார்கள், குறுக்கே புகுந்தால் திட்டவும் செய்தார்கள். மூன்று வாரத்தில் ஓட்டல்காரர் போர்டைக் கழற்றிவிட்டார். வெளியூர்க்காரர்கள் வந்து, அந்தப் பொம்பளை எங்கே என்று கேட்டால், எந்தப் பொம்பளை என்று ஊர்க்காரர்கள் உண்மையாகவே யோசித்தார்கள்.

அதற்குள் மங்களம் தனக்குத் தெரிந்த ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தாள். ஊர்க் கோடியில் மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே இருந்த மோட்டார் அறை வாசலில் நின்றாள். தொட்டி ஆபரேட்டர் கலியபெருமாளுக்கு ஐம்பத்தெட்டு வயது, முழங்கால் வலி, மனைவி இறந்து நான்கு வருடம். அவர் ஒன்றும் கேட்காமல் சாவியைக் கொடுத்தார். அவளிடம் ஏற்கெனவே ஒரு கொத்து இருந்ததால் இதையும் அதில் கோத்துக்கொண்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு தெருவுக்கும் தண்ணீர் வருகிற நேரத்தை வைத்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று ஆயிற்று. கலியபெருமாள் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார். தம்பியைத் தேடி வந்தவளை வேறு எப்படிக் கூப்பிடுவது என்றார். ஐம்பத்தெட்டு நாற்பத்திரண்டை அக்கா என்று கூப்பிடுவதை வைத்து ஊர் ஒரு நாள் சிரித்தது, மறுநாள் மறந்துவிட்டது.

ஆனால் ஞாயிறுதோறும் பத்தரையிலிருந்து பதினொன்றுவரை, 'அஞ்சாம் பிளாக்' அவள் இல்லாமல் ஓடுகிற அந்த அரை மணி நேரத்தில், அவள் உடம்பிலிருந்து கொஞ்சம் கோடு அழிந்தது. முதலில் கால் விரல்கள், பிறகு செருப்பு, பிறகு சேலையின் கீழ்க்கரை. தையல்கடை அஞ்சலை துணிக்குப் பூசும் பெயின்டை எடுத்து வந்து அழிந்த இடத்தை வரைந்துவிட்டாள். அது ஒரு வாரம் தாங்கியது. அடுத்த ஞாயிறு அதையும் சேர்த்துக் கொண்டுபோயிற்று.

பத்திரிகையின் உள்பக்கத்தில் வந்த சிறு செய்தியைப் படித்துவிட்டு, நான்காவது வாரம் ஒரு புதன்கிழமை அருணகிரி உளுந்தூர்பேட்டைக்குப் பேருந்தில் வந்தார். மோட்டார் அறை வாசலில் போய் நின்றபோது மங்களம் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. தெரிய வழியும் இல்லை. அவள் அவரைப் பார்த்ததே கிடையாது. அவள் வழக்கமான வாயசைவைத் தொடங்கினாள். அருணகிரி கலியபெருமாளிடம், நான் பத்திரிகையிலிருந்து வருகிறேன் என்று பொய் சொன்னார். கலியபெருமாள் நாற்காலி போட்டு, அழிந்துபோன கணுக்காலைக் காட்டி, அஞ்சலை பூசுவதையும் சொல்லி, கடைசியாக, "யாரோ ஒருத்தர் எழுதி அனுப்பிட்டாரு சார். சும்மா ஒரு கவர் அனுப்புறதுன்னாக்கூட வீட்டு அட்ரஸ் எழுதுவோம். அதுகூட எழுதல" என்றார். திட்டுகிற தொனியே இல்லை. அருணகிரி கையிலிருந்த நோட்டில் அதைக் குறித்துக்கொள்வது போல நடித்தார். பேனா மூடியைக் கழற்றவில்லை என்பதை, பெயின்ட் டப்பாவோடு வந்திருந்த அஞ்சலை பார்த்துவிட்டாள்.

சென்னைக்குத் திரும்பிய அருணகிரி, மங்களத்தைத் திரும்ப அழைத்துக்கொள்ளலாம் என்று சாரங்கனிடம் சொன்னார். சாரங்கனுக்கு மகிழ்ச்சி, மங்களத்தின் பழைய குரலை அப்படியே பேசிக்காட்டுகிற ஒரு பெண்ணை அவர் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார். அருணகிரி மூன்று நாள் தூங்காமல் ஒழுங்காக உட்கார்ந்து எழுதினார். நன்றாக வந்தது. பல வருடத்தில் அவர் எழுதியதிலேயே அதுதான் நல்ல எபிசோடு. இவ்வளவு நன்றாக எழுத முடிந்த கையால்தான் எண்ணூற்றுப் பன்னிரண்டாவதையும் எழுதினோம் என்று தோன்றியபோது சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தார். காகிதங்களைப் பையில் போட்டுக்கொண்டு, சாரங்கன் அறைக்குப் போகாமல் பெரம்பூருக்குப் போனார்.

லூர்துமேரி கதவைத் திறந்து, உள்ளே வரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், உடம்பை விசாரித்தார். அந்தக் கரகரத்த குரலை அருணகிரி அப்போதுதான் முதல்முறையாக நேரில் கேட்டார். ஆஸ்பத்திரிக்கும் அவர் போய்ப் பார்த்திருக்கவில்லை. மேரி எதையும் கிளறவில்லை. செய்தியை அவரும் படித்திருந்தார்.

"அவ பேசுறாளா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லக்கா. வாய் மட்டும் அசையுது. என்ன சொல்றாங்கன்னு அங்க யாருக்கும் தெரியல."

"அவளுக்கு மொத்தமே ஏழு வாய்தான் தம்பி வரைஞ்சு வச்சிருக்காங்க. மூடின வாய் ஒண்ணு, திறந்த வாய் ஆறு. அந்த ஏழு வாயையும் பதினாறு வருசம் நான்தான் நிரப்பினேன். எனக்குத் தெரியும்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டார். "என்னை அங்க கூட்டிட்டுப் போ."

அருணகிரி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். மேரி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை காலை இருவரும் பேருந்தில் வந்தார்கள். நான்கு மணி நேரப் பயணத்தில் மேரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார், குரலைச் சேர்த்து வைக்கிறார் என்று அருணகிரி தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார். தொட்டிக்குக் கீழே கலியபெருமாளும், அஞ்சலையும், டீ எடுத்து வந்த ரகமத்துல்லாவும், தண்ணீர் குறைவாக வருகிறது என்று சொல்ல வந்த பத்துப் பன்னிரண்டு பெண்களும் இருந்தார்கள். மங்களத்துக்கு முழங்கால்வரை கோடு இல்லை. தரைக்கு மேலே ஒன்றரை அடி உயரத்தில் ஆரம்பித்து நின்றாள்.

புது ஆள் வந்திருக்கிறது என்று பார்த்ததும் அவள் வாயை அசைத்தாள். மேரி நான்கு அடி தள்ளி நின்று, ரெக்கார்டிங் அறையில் செய்வது போல இடது கையைக் காதோரம் வைத்துக்கொண்டு, அந்த வாயையே பார்த்தார். ஒரு தடவை அசையவிட்டார். இரண்டாவது தடவை அசைந்தபோது மேரியின் கரகரத்த குரல் கிளம்பி, ஒரு இம்மிகூட விலகாமல், மங்களத்தின் வாயில் போய் உட்கார்ந்தது.

"எந்தம்பி பேரு என்னங்க?"

ஐந்து வாரமாக ஒவ்வொரு வாசலிலும் அவள் கேட்டது இதைத்தான். நீதானா என்று கேட்கவில்லை. நான்தான் என்று ஏழு பேர் வந்தும் அவளால் ஒத்துக்கொள்ள முடியாமல் போனது இதனால்தான்.

"ஊரைச் சொன்னாங்க. தம்பி வீடுன்னு சொன்னாங்க. பேரை யாரும் சொல்லலியே. பேரு தெரியாம நான் யாரைன்னு தேடுவேன்?"

ஒரு பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அருணகிரி முன்னால் வந்தார். கலியபெருமாளைப் பார்க்காமல், நான் பத்திரிகைக்காரன் இல்லை, அந்தக் கதையை எழுதினது நான்தான் என்றார். கலியபெருமாள் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார். மங்களம் மெல்லத் திரும்பினாள்; திரும்புகிற நொடியில் வெறும் கோடாகி, பிறகு அவர் பக்கம் முழு முகமானாள்.

"நான் என்ன தப்பு செஞ்சேன்?"

கேட்டது மங்களத்தின் வாய். குரல் மேரியினுடையது. மேரி அவரைப் பார்க்கவில்லை, மங்களத்தின் உதட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் கண் நிறைந்திருந்தது. இரண்டு பேரில் யார் கேட்கிறார்கள் என்று அருணகிரிக்குத் தெரியவில்லை. யாராக இருந்தாலும் பதில் ஒன்றுதான் என்பது தெரிந்தது.

"நீங்க ஒண்ணும் செய்யல. ஒருத்தங்களுக்குக் குரல் போயிருச்சு. அப்படியே பேசட்டும்னு நான் சொல்லியிருந்தா கேட்டிருப்பாங்க. சொல்லல. சரி, இனிமே நீங்க வேணாம்னாவது அவங்ககிட்ட நேரா சொல்லியிருக்கணும். அதுக்கும் தைரியம் வரல. உங்களை எங்கேயாவது அனுப்பிட்டா சொல்ல வேண்டியதில்லைன்னு நினைச்சேன். உங்க தம்பிக்கு ஒரு பேரு வைக்கக்கூட நான் உட்காரல."

ரகமத்துல்லா தட்டை எடுத்துக்கொண்டு கொஞ்சம் ஒதுங்கி நின்றார். அருணகிரி பையிலிருந்து காகிதங்களை எடுத்தார். இதில் நீங்கள் திரும்பி வருகிறீர்கள், திங்கட்கிழமை ரெக்கார்டிங், அந்த ஞாயிறு வந்துவிட்டால் கால் கோடெல்லாம் திரும்பி வந்துவிடும் என்றார். மங்களத்தின் வாய் சற்று நேரம் மூடியே இருந்தது. மேரியும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

"அங்க வந்தா நான் யாரு குரல்ல பேசுவேன்?"

அருணகிரி அதையும் சொன்னார். இளம் பெண், அப்படியே பழைய குரல், யாராலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

"இது கரகரன்னுதான் இருக்கு. இருந்தா இருக்கட்டும். தண்ணி வரலன்னு சொல்ல இது போதும். நான் இங்கயே இருந்துக்கிறேன். தம்பி பேரை மட்டும் எழுதிக் குடுங்க."

அது மங்களம் சொன்னதா, மேரி சேர்த்துச் சொன்னதா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கலியபெருமாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முதலில் மங்களத்திடம், உங்களுக்குச் சம்மதம்தானே அக்கா என்றார். அவள் தலையசைத்த பிறகு அருணகிரியிடம், "என் பேரை எழுதிக்குங்க சார். கலியபெருமாள். தண்ணித் தொட்டி பக்கத்து வீடு. அட்ரஸையும் சேர்த்து எழுதுங்க" என்றார்.

திங்கட்கிழமை அருணகிரி நல்ல எபிசோடைச் சாரங்கனிடம் கொடுக்கவில்லை. வேறொன்றைக் கொடுத்தார். அதில் தணிகாசலத்துக்கு ஒரு கடிதம் வருகிறது. உளுந்தூர்பேட்டையில், தண்ணித் தொட்டி பக்கத்து வீட்டில், தம்பி கலியபெருமாளோடு சௌக்கியமாக இருக்கிறேன், இனி வர மாட்டேன் என்று மங்களம் எழுதியிருக்கிறாள். சாரங்கன் கோபப்பட்டார், ஊரே எதிர்பார்க்கும்போது இப்படியா என்றார். அருணகிரி இந்த முறை பேனா மூடியைப் பார்க்கவில்லை. இதுதான் வரும், இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்றார். பழைய குரலில் பேசவிருந்த அந்தப் பெண்ணுக்கு நான்காம் மாடியில் புதிதாகக் குடிவரும் ஒரு நர்ஸ் பாத்திரத்தை எழுதி, உன் சொந்தக் குரலிலேயே பேசு என்று கொடுத்தார். கடித எபிசோடையும் யாரும் பெரிதாகப் பாராட்டவில்லை. மங்களம் வருவாள் என்று உட்கார்ந்திருந்தவர்கள் ஏமாந்தார்கள், மறுபடியும் கடிதங்கள் குவிந்தன, அந்த வருடத்தோடு அருணகிரியைப் போகச் சொல்லிவிட்டார்கள்.

ஆனால் அந்த ஞாயிறு பத்து ஐம்பதுக்கு, கடிதத்தில் கலியபெருமாள் என்ற பெயர் படிக்கப்பட்ட நிமிடம், மங்களத்துக்கு முழங்கால் வந்தது, கணுக்கால் வந்தது, செருப்பு வந்தது. அஞ்சலை பெயின்ட் டப்பாவை மூடிக் கடைக்கு எடுத்துப் போனாள். அதன் பிறகு மங்களத்திடமிருந்து ஒரு கோடும் அழியவில்லை.

லூர்துமேரி இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் உளுந்தூர்பேட்டைக்கு வரத் தொடங்கினார். அந்த நாள்களில் தொட்டிக்குக் கீழே நல்ல கூட்டம் சேரும். பெண்கள் கேட்பார்கள், மங்களம் வாயசைப்பாள், மேரி பேசுவார். யார் வீட்டில் என்ன சண்டை, யார் மகள் யாரோடு பேசுகிறாள் என்று இரண்டு வாரத்துக்குச் சேர்த்து வைத்ததெல்லாம் அந்தக் கரகரத்த குரலில் வெளியே வரும், பேர் அடிபட்டவர்களே விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மற்ற நாள்களில் மங்களம் பேசாமல் மோட்டார் போட்டாள். பேச்சில்லாத நாள்களும் அவளுக்குப் பிடித்துப் போயிருந்தன என்றுதான் கலியபெருமாள் சொன்னார்.

அருணகிரியும் வேலை போன பிறகு ஒரு சனிக்கிழமை வந்தார். ஓரமாக நின்று கேட்டார். அவர் எழுதிய எதையும்விட அது நன்றாக இருந்தது. யாரும் அவரைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை, ரகமத்துல்லா டீ கொடுத்தார், கலியபெருமாள் நாற்காலி போட்டார், அதனாலேயே அவருக்கு உட்காரக் கூசியது. கூட்டம் கலைந்து, கிளம்புகிற நேரத்தில் அவர் மங்களத்தின் முன்னால் போய் நின்று கை கூப்பினார். மங்களம் அவரை நேராகப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னாள். வாய் மூடித் திறந்தது, அசைந்தது, நின்றது. மேரி பக்கத்தில் இருந்தார், அந்த வாயைப் பார்த்துக்கொண்டும் இருந்தார், பேசவில்லை.

என்ன சொன்னார்கள் என்று அருணகிரி கேட்டார். மேரி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். பேருந்து நிலையம்வரை நடந்தார்கள். அங்கே அவர் மறுபடியும் கேட்டார்.

"என்கிட்ட நேரா சொல்ல வேண்டியதை நீ நேரா சொல்லல தம்பி" என்றார் மேரி. குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "அவ உன்கிட்ட நேராத்தான் சொல்லியிருக்கா. நடுவுல நான் எதுக்கு?"

மேரி சென்னைப் பேருந்தில் ஏறி, பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து அருணகிரி தினமும் காலையில் முகம் கழுவியதும் கண்ணாடிக்கு முன்னால் நின்று, மங்களத்தின் அந்த வாயைத் தன் வாயால் செய்து பார்க்கிறார். மன்னிச்சுட்டேன் என்று சொன்னால் உதடு ஒரு முறை மூடுகிறது. மறக்க மாட்டேன் என்று சொன்னால் இரண்டு முறை மூடுகிறது. அன்றைக்கு அவள் உதடு மூடியதை அவர் பார்த்தார், கண்ணெதிரே பார்த்தார். ஒரு முறையா, இரண்டு முறையா என்பதுதான் எவ்வளவு யோசித்தும் அவருக்கு நினைவில்லை.